டேங்க்கைத் திறந்து பார்த்தது யார்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இப்போது பேச்சு பெட்ரோல் டேங்க்கில்தான் வந்து நிற்கிறது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் நடந்த இந்தியா எனர்ஜி வீக் மாநாட்டில் பிரதமர் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைத் தொடங்கிவைத்தார். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளில் அது நாடு முழுக்கப் பங்க்குகளுக்கு வந்து சேர்ந்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் வாங்குவோரின் விருப்பத்துக்கு வைக்க வேண்டும் என்று போடப்பட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. பெங்களூருவில் நீலசந்திராவிலிருந்து ஆஸ்டின் டவுன், ஆடுகோடி வரை எந்த கேரேஜில் போய் நின்றாலும் இப்போது ஒரே யோசனைதான் கிடைக்கிறது: "பழைய டேங்க்கைத் தூக்கிப் போடுங்க ஸார், எஸ்.எஸ்.ல புதுசா அடிச்சிடலாம். உங்க பேரன் காலத்துக்கும் துரு வராது."

துரு வராது என்பது சரி. அதைத் தவிர வேறு எதற்கும் அந்த வாக்கியத்தில் உத்தரவாதம் இல்லை. இந்தப் பழக்கத்தை ஆதரிப்பவர்களும் துருவைத் தாண்டி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

எதிர்க்க முடியாதவற்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அறுபது வருஷத்துத் தகடு அரித்து ஊசித் துவாரம் விழுந்த பிறகு அந்த டேங்க்கைக் காரில் வைத்துக்கொண்டிருப்பது ஆபத்து. அந்தக் கால டேங்க்குகள் பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்து பூசிய எஃகுத் தகட்டில் செய்தவை. ஆல்கஹால் அந்தப் பூச்சுக்கு நல்லதல்ல. உள்ளே ரசாயனம் ஊற்றி உருட்டி லைனிங் போடும் மாற்று வழி இன்னும் மோசம். சில வகைப் பூச்சுகள் எத்தனாலில் ஊறித் தோலாக உரிந்து, உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். எம்-சீல் ஒட்டுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். 'ஒரிஜினல்' என்ற மந்திரத்தைச் சொல்லி ஓட்டை டேங்க்கைக் கட்டி அழுபவர்கள் பக்கமும் நான் இல்லை. 2024இல் அமெரிக்காவின் பெபிள் பீச் போட்டியில், புதுப்பிக்காமல் அப்படியே காப்பாற்றி வைக்கப்பட்ட 1934ஆம் ஆண்டு புகாட்டி ஒன்று முதன்முறையாக உச்சப் பரிசை வாங்கியது. அதற்குப் பிறகு இங்கேயும் சிலர் அழுக்கைக்கூடப் பாரம்பரியம் என்கிறார்கள். அது வேறு நோய்.

ஆகவே, மாற்றலாமா என்று கேட்டால் மாற்றலாம். நல்ல எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு, நல்ல வெல்டிங் என்றால் இன்னும் நல்லது. என் சண்டை நம்மூரில் 'மாற்றுவது' என்ற பெயரில் என்ன நடக்கிறது என்பதோடுதான்.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் 'டேங்க்கை மாற்றிவிடுங்கள்' என்று எழுதும்போது அதற்கு ஒரு பொருள் உண்டு. எம்ஜிபி கார் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. அதற்கான புது டேங்க்கை பிரிட்டனில் பெட்டியோடு வாங்கலாம். கேஜ் உட்காரும் வளையம், பைப் முனை எல்லாம் பழைய அளவிலேயே இருக்கும். இங்கே அப்படியில்லை. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஹெரால்டு கட்டியது 1960களில். அந்தக் கம்பெனியின் கடைசி காரான ஸ்டாண்டர்டு 2000, 1980களோடு முடிந்தது. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் நாள் முழுக்க அலைந்தாலும் ஹெரால்டு டேங்க் புதிதாகக் கிடைக்காது. பெங்களூருவின் சான் மோட்டார்ஸ் கோவாவில் கட்டிய சான் ஸ்டார்ம் என்ற இரண்டு இருக்கை ஓபன் கார் 1990களின் இறுதியில்தான் வந்தது. அதன் சொந்தக்காரர்களும் இன்று உதிரி பாகத்துக்கு அல்லாடுகிறார்கள். எனவே நம்மிடம் மாற்றுவது என்றால் டிங்கர் கடையில் அடிப்பது என்றே அர்த்தம். பழையதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அவர் நீள அகல உயரம் எடுக்கிறார், அட்டையில் வெட்டிப் பார்க்கிறார், தகட்டை மடிக்கிறார், ஓரத்தை வெல்டு அடிக்கிறார். பழையது அன்று மாலையே பழைய இரும்பு வாங்கும் குஜரிக் கடைக்குப் போய்விடுகிறது.

இதில் எந்த இடத்திலும் யாரும் பழைய டேங்க்கைத் திறந்து பார்ப்பதில்லை. நான் வருஷக்கணக்கில் சொல்லிவரும் ஆட்சேபம் இது ஒன்றுதான்.

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் டேங்க் ஒன்றை நீலசந்திராவில் ஒரு கடையில் என் வற்புறுத்தலுக்காகத் திறந்தார்கள். சோப்புத் தண்ணீர் விட்டுப் பலமுறை அலசி, மறுபடி தண்ணீர் நிரப்பி வைத்திருந்து, காலி செய்த கையோடு நெருப்புப் பொறி பறக்காமல் கை வெட்டுளியால் மேல் தகட்டை மெல்லக் கிழித்தார் மேஸ்திரி. (காலி டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து, ஆவி வெடிக்கும். இது தெரியாமல் கேஸ் வெல்டிங் முனையை நீட்டியவர்களின் கதை எல்லாப் பட்டறையிலும் உண்டு.) உள்ளே குறுக்காக ஒரு தடுப்புத் தகடு, அதில் வட்ட ஓட்டைகள், கீழ் மூலைகள் மட்டும் வெட்டி விடப்பட்டிருந்தன. உறிஞ்சு குழாய் அடித் தகட்டைத் தொடவில்லை, ஒரு விரல் கனத்துக்கு மேலே நின்றது. அதன் முனையில் பித்தளைச் சல்லடை. அடித் தகட்டின் ஒரு மூலை கிண்ணம் போல அழுத்தப்பட்டு, அங்கே டிரெயின் பிளக். மேலே நிரப்புக் குழாய்க்குப் பக்கத்தில் சைக்கிள் ஆரத்தைவிடச் சற்றே தடித்த ஒரு காற்றுக் குழாய். கிண்ணத்தில் காப்பித் தூள் நிறத்தில் வண்டல். மேஸ்திரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தனை வருஷத்துல இதெல்லாம் உள்ளே இருக்கும்னு எவனும் சொல்லலை ஸார். நாங்க டப்பாதான் அடிச்சிருக்கோம்."

அவர் நேர்மையானவர், ஒப்புக்கொண்டார். அந்த டப்பாக்களில்தான் நம் ஊர்க் கார்கள் பல ஓடுகின்றன.

தடுப்புத் தகட்டை எடுத்துக்கொள்வோம். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் டேங்க் சுமார் 37 லிட்டர் கொள்ளும். நிரப்பினால் பெட்ரோல் மட்டும் ஏறக்குறைய 27 கிலோ. வளைவில் பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் பாதி இருந்தால் உள்ளே பெட்ரோல் மட்டம் ஏறத்தாழ 27 டிகிரி சாயும். அறுபது சென்டிமீட்டர் அகலமுள்ள டேங்க்கில் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் முப்பது சென்டிமீட்டர் வித்தியாசம் என்று கணக்கு வருகிறது. கால் டேங்க் பெட்ரோல் இருக்கும்போது இப்படிச் சாய்ந்தால் உறிஞ்சு குழாய் காற்றைத்தான் குடிக்கும். கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருக்கும் கொஞ்சம் பெட்ரோல் சில விநாடிகளுக்குத் தாங்கும். இன்ஜெக்ஷன் இன்ஜின்களுக்கு அந்தக் கிண்ணமும் இல்லை. அம்பாசடரில் ஆபீசுக்குப் போகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் வளைவில் விரட்டத்தானே வாங்குகிறார்? சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், டேங்க்கின் உள் தடுப்பு என்ன வேலை செய்யும் என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். அவர்களுக்கு அது அனுபவத்தில் வந்த அறிவு. இன்று புது டேங்க் போடுகிறவர் 'எத்தனை லிட்டர் பிடிக்கும்?' என்பதைத் தாண்டிக் கேட்பதில்லை.

தடுப்பு இல்லாததன் கெடுதல் வளைவோடு முடிவதில்லை. 27 கிலோ திரவம் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்சுவரில் மோதுகிறது. பெரிய தட்டைத் தகடு டப்பென்று உள்ளே போய் வெளியே வருகிறது. இந்த ஆட்டம் முழுவதும் வெல்டு ஓரத்தில் போய்ச் சேர்கிறது. ஓசூர் ரோட்டு டிராபிக்கில் ஒரு நாளைக்கு எத்தனை முறை பிரேக் போடுகிறோம் என்று யோசியுங்கள். எஸ்.எஸ். டேங்க் துருவால் ஒழுகாது, சரி. விரிசலால் ஒழுகும். அதிலும் எஸ்.எஸ். தகட்டை ஆர்கான் வெல்டிங் செய்யும்போது உள்பக்கமும் ஆர்கான் வாயு நிறைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வெல்டின் முதுகு கருகிச் சொரசொரவென்று பொரிந்து நிற்கும். விரிசல் அங்கேதான் பிறக்கும், துரு வராத தகட்டில் துருவும் அங்கேதான் வரும். உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள்? வெளியே பஃப் அடித்துக் கண்ணாடியாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அடுத்தது காற்றுக் குழாய். இதுதான் எனக்கு அதிகம் கோபம் வரவைப்பது. இதன் தண்டனையை அனுபவிப்பவருக்குக் கடைசிவரை காரணமே தெரிவதில்லை. பெட்ரோல் வெளியேறும் அளவுக்கு டேங்க்குக்குள் காற்று நுழைந்தாக வேண்டும். சில கார்களில் மூடியில் ஓட்டை வைத்திருப்பார்கள், சிலவற்றில் தனிக் குழாய். டிங்கர் கடையில் அந்தக் குழாயை 'ஏதோ உடைந்த பைப்' என்று விட்டுவிடுவார்கள். சொந்தக்காரர் பளபளவென்று ஒரு பூட்டு மூடி வாங்கி மாட்டுவார், அதில் ஓட்டை இருக்காது. கார் நந்தி மலைக்குக் கிளம்பும். இருபது நிமிஷம் ராஜா மாதிரி ஓடும், பிறகு திக்கித் திணறி நின்றுவிடும். மெக்கானிக்குக்குப் போன் போட்டால் அவர் சொல்வது எல்லாருக்கும் தெரிந்ததே: ஹீட்டுல பெட்ரோல் ஆவியாகுது ஸார், ஃப்யூவல் பம்ப் மேலே ஈரத்துணி போடுங்க. துணி போடுவதற்குள் பத்து நிமிஷம் ஆகிவிடும், அதற்குள் எங்கோ கசிந்து கொஞ்சம் காற்று நுழைந்திருக்கும், கார் கிளம்பிவிடும். துணிக்குப் பேர் கிடைக்கும். அடுத்த வாரம் பம்ப் மாற்றுவார்கள், அதற்கடுத்து காயில், அதற்கடுத்து கார்புரேட்டர் கிட். நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திருகிப் பார்த்திருந்தால் 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கும். அந்தச் சத்தம்தான் விடை. இ20 வந்ததிலிருந்து இப்படி நிற்கும் கார்களின் பழியெல்லாம் எத்தனால் தலையில் விழுகிறது. அரசின் பெட்ரோல் கொள்கையைத் திட்டுவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அடைத்த காற்றுக் குழாய் அவற்றில் ஒன்றல்ல.

எத்தனால் உண்மையிலேயே செய்யும் கெடுதலுக்கும் இந்தப் புது டேங்க்குகள் தயாராக இல்லை. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நீர் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வெளியே வரும் கார்களுக்கு, அதுவும் பெங்களூரு மழைக்காலத்தில், இந்த ஆபத்து அதிகம். அடியில் கிண்ணமும் டிரெயின் பிளக்கும், விரல் கனம் உயரத்தில் நிற்கும் உறிஞ்சு குழாயும் இருந்தால் அந்த நீரை அவ்வப்போது வடித்துவிடலாம். தட்டையான அடித் தகடு, அதன் ஓரத்தில் அடியோடு அடியாக ஒட்டிய பைப் என்று டப்பா அடித்தால் இன்ஜின் முதல் மடக்கிலேயே தண்ணீரைக் குடிக்கும். எஸ்.எஸ். என்பதால் தண்ணீர் வராமல் போகுமா? டேங்க் துருப்பிடிக்கவில்லை என்றாலும் கார்புரேட்டரும் பம்ப்பும் துத்தநாகம் அல்லது அலுமினியக் கலப்பு உலோகத்தில் செய்தவைதானே, அவை அரிக்கும். சில கடைகளில் செலவைக் குறைக்க ஜி.ஐ. தகட்டில் அடித்துக் கொடுக்கிறார்கள் என்பது இன்னும் கொடுமை. எத்தனாலில் துத்தநாகப் பூச்சு கரைந்து வெள்ளைக் கூழாக ஜெட்டுகளை அடைக்கும்.

இதைவிடச் சின்ன விஷயங்களும் உண்டு. ஆரம்பகால ட்ரையம்ஃப் ஹெரால்டு டேங்க்கில் ரிசர்வ் லீவர் ஒன்று இருந்தது. அதைத் திருப்பினால் உறிஞ்சு குழாய் இன்னும் கீழே இறங்கும். அப்படி ஒன்று இருந்ததே பல ஹெரால்டுக்காரர்களுக்குத் தெரியாது. எம்ஜி டிசி காரில் பெட்ரோல் முள்ளே கிடையாது, குறைந்தால் எரியும் ஒரு சின்ன விளக்குதான். டேங்க்கில் அதற்கான ஸ்விட்ச் உட்காரும் இடத்தை விட்டுவிட்டால் டேஷ்போர்டில் அந்த விளக்கு வெறும் பொட்டு. முள் உள்ள கார்களில் ஃப்ளோட் கம்பி பழைய டேங்க்கின் ஆழத்துக்கு வளைக்கப்பட்டது. புது டேங்க் ஒரு அங்குலம் உயரமாகிவிட்டால் முள் பொய் சொல்லும். ரப்பர் வைத்து இறுக்கிய டேங்க்குக்கு எர்த் கிடைக்காது, முள் அசையவே அசையாது. 'பழைய வண்டி, கேஜ் வேலை செய்யாது' என்று சொந்தக்காரர் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

எம்ஜிபியில் ஒரு வேடிக்கை. அதன் டேங்க் அரிப்பது பெரும்பாலும் மேலிருந்து. டிக்கியின் தரைக்கும் டேங்க்கின் மேல் தகட்டுக்கும் நடுவில் சேறும் ஈரமும் சிக்கி வெளியிலிருந்து தின்னும். அதனால்தான் முழுக்க நிரப்பினால் மட்டும் பெட்ரோல் நாற்றம் வரும். பழையதை நிதானமாகப் பார்த்திருந்தால் துரு எங்கிருந்து வந்தது என்று அதுவே சொல்லியிருக்கும். இடுக்கை அடைக்க ஒரு பட்டை நுரை போதும். நம் ஆட்கள் பழையதைக் குஜரிக்கு அனுப்பிவிட்டு 'எத்தனால்தான் அரித்துவிட்டது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பழைய கார்களைக் காப்பாற்றுவதற்கான உலக அமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனம் புதுப் பாகங்களைத் தடுக்கவில்லை. கழற்றிய முக்கியமான பழைய பாகங்களைக் காரோடு சேர்த்தே வைத்திருக்கச் சொல்கிறது. எதற்காக? அது எப்படிச் செய்யப்பட்டது, எப்படி வேலை செய்தது என்பதற்கு அதுவே சாட்சி. நம் சட்டத்தை எடுத்துக்கொண்டால், ஐம்பது வயது தாண்டிய வாகனங்களுக்கு 'விஏ' எழுத்துகளோடு தனிப் பதிவு என்று 2021இல் வந்த விதி சேஸி, பாடி, இன்ஜின் மாறக் கூடாது என்கிறது. டேங்க்கைப் பற்றிக் கவலைப்படவில்லை. கண்காட்சிகளிலும் பெயிண்ட், குரோமியம், சீட் தோல் என்று பார்த்துக்கொண்டு போகிறார்களே ஒழிய, டேங்க்குக்குக் கீழே குனிகிறவர் யார்? பெயிண்டுக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறவர் டேங்க் கூலியில் ஐந்நூறு ரூபாய் பேரம் பேசுகிறார். டிங்கர் வேலைக்காரரை நான் அதிகம் குறை சொல்ல மாட்டேன். கேட்டதைச் செய்து கொடுக்கிறார். கேட்கத் தெரியாதவர்களும், கேட்கக் கற்றுக்கொடுக்காத கிளப்புகளும்தான் என் கோபத்துக்கு உரியவர்கள்.

தடுப்பு, கிண்ணம், காற்றுக் குழாய் எல்லாம் வைத்து அடித்தால் கூலி இரட்டிப்பாகும் என்பார்கள். ஆகட்டும். மூன்று பம்ப்பும் இரண்டு காயிலும் வாங்கிய செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

எனவே டேங்க் மாற்ற நினைப்பவர்களுக்கு: பழையதைக் குஜரிக்கு அனுப்பாதீர்கள். தண்ணீர் நிரப்பி ஆவி போக்கி, பொறி பறக்காமல் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக அளந்து ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அதே மாடல் வைத்திருப்பவர்களுக்கும் பிரதி கொடுங்கள். கிளப்புகள் ஹெரால்டு, டிசி, ஸ்பிட்ஃபயர் என்று மாடலுக்கு ஒரு வரைபடம் சேர்த்து வைத்தால் எந்த ஊர்க்காரரும் பயன்படுத்திக்கொள்ளலாம். புது டேங்க் வந்ததும் கம்ப்ரஸரில் முழு அழுத்தம் கொடுத்துச் சோதிக்க விடாதீர்கள், தகடு பலூனாக ஊதிவிடும். இரண்டு மூன்று பவுண்டு அழுத்தமும் சோப்பு நுரையும் போதும். வரைபடம் கேட்காமல் அளவு மட்டும் எடுக்கிற கடையில் டேங்க் அடிக்கக் கொடுக்காதீர்கள்.